பழுது பார்ப்போர் பரம்பரை

புனே நகரிலிருந்து அகமத்நகர் செல்லும் பெருவழியில் சுமார் 50 கிலோமீட்டர் தூரத்தில் ரஞ்சன்காவ் என்னும் ஊர் இருக்கிறது. அகமத்நகருக்கு இப்போது அகில்யாநகர் என்று பெயர். ரஞ்சன்காவிற்குப் புகழ் தந்தவர் மகாகணபதி. மராட்டிய மக்கள் யாத்திரை செய்யும் அஷ்டவிநாயகத் தலங்கள் எட்டில் இதுவும் ஒன்று. திரிபுரத்தை எரிக்கப் புறப்பட்ட சிவபெருமான் இங்கே கணபதியை வழிபட்ட பின்னரே வெற்றி கண்டார் என்பது தல வரலாறு. தமிழ் நேயர்களுக்கு இக்கதை புதிதன்று. அதே போருக்குக் கணபதியை நினையாமல் தேரேறியதனால் அச்சு முறிந்த இடம் என்று செங்கற்பட்டுச் சீமையில் அச்சிறுபாக்கத்தை நாம் காட்டுகிறோம். தேர் எத்தனை பெரிதாயினும் அச்சு ஒன்று முறிந்தால் நின்றுவிடும் என்பதை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். முறிந்த அச்சைச் சீர்செய்த தச்சனைப் பற்றி மட்டும் நாம் கேட்ட அளவில் யாரும் அதிகமாகப் பேசுவதில்லை.

இன்றைய ரஞ்சன்காவில் கோயிலை அடுத்து மகாராஷ்டிரத் தொழில் வளர்ச்சிக் கழகத்தின் தொழிற்பேட்டை பரந்து கிடக்கிறது. குளிர்பதனப் பெட்டி, சலவை யந்திரம், மோட்டார் கார் முதலியன அங்கே உற்பத்தியாகின்றன. உற்பத்தி வரிசையில் நிற்பவர்களைப் பற்றியும் முதலீடு செய்தவர்களைப் பற்றியும் பத்திரிகைகள் எழுதுகின்றன. ஆனால் கணிப்பொறியின் திரை திடீரென்று இருண்டு, வரிசை முழுதும் ஸ்தம்பித்து நிற்கும் வேளையில் எல்லோரும் ஒருவரைத் தேடுகிறார்கள். கையில் சிறு பையும் மடிக்கணினியுமாக வந்து, அரை மணியில் வேலையை முடித்துவிட்டு, யார் கண்ணிலும் படாமல் போய்விடும் அவருடைய உத்தியோகம் இந்த நாட்டில் எவ்வாறு தோன்றியது, எவ்வாறு ஒரு வாழ்க்கைத் தொழிலாக வளர்ந்தது என்பதே நாம் இங்கு ஆராய எடுத்துக்கொண்ட விஷயம்.

சொல்லிலிருந்தே தொடங்கலாம். மத்திய சர்க்கார் காகிதங்களை மொழிபெயர்ப்பதையே தொழிலாகக் கொண்ட நமக்கு, 'மெயின்டெனன்ஸ்' என்னும் ஆங்கிலச் சொல் அடிக்கடி எதிர்ப்படும். குடும்ப நீதிமன்றத்துக் காகிதமானால் அதற்கு ஜீவனாம்சம் என்று பொருள். யந்திரம் பற்றிய காகிதமானால் பராமரிப்பு. ஒன்றை மற்றொன்றாக எழுதினால் சிரிப்புக்கு இடமாகும். எனினும் இரண்டுக்கும் அடியில் கிடக்கும் கருத்து ஒன்றே: கைவிடாமல் காப்பது. 'டெக்னிகல் சப்போர்ட்' என்பதை இக்காலத்தில் தொழில்நுட்ப உதவி என்று எழுதுகிறார்கள். உதவி என்றவுடன் அது ஏதோ இரண்டாந்தர வேலை என்ற எண்ணம் எழுந்துவிடுகிறது. இத்தொழிலின் சரித்திரம் அந்த எண்ணத்தை ஆதரிக்கவில்லை.

நாட்டில் முதன்முதலாக நெடுந்தூரம் பரவிய மின் யந்திரம் தந்தி. கிழக்கிந்தியக் கம்பெனியில் வைத்தியராகவும் ரசாயன ஆசிரியராகவும் இருந்த வில்லியம் ஓஷாக்னஸி 1839ஆம் ஆண்டிலேயே கல்கத்தாவில் தந்திச் சோதனைகள் நடத்தினார். 1851இல் கல்கத்தாவுக்கும் டயமண்டு துறைமுகத்துக்கும் இடையே தந்திப் பாதை இயங்கியது. 1855இல் நீண்ட பாதைகள் பொதுமக்களின் உபயோகத்துக்குத் திறந்துவிடப்பட்டன. ஓஷாக்னஸியின் பெயர் சரித்திரப் புத்தகங்களில் இருக்கிறது. அவருக்கு வலக்கையாக நின்ற சிப்சந்திர நந்தியின் பெயரை வங்காளத்துக்கு வெளியே அறிந்தவர் சிலரே.

நந்தி கல்கத்தா நாணயச்சாலையில் ஊழியராக இருந்தவர். எந்தக் கல்லூரியிலும் மின்சாரம் பயின்றவரல்லர். பயிற்றுவிக்க அந்நாளில் கல்லூரியும் இல்லை. கம்பி இழுக்கவும், கருவியைப் பொருத்தவும், செய்தி போகாதபோது எந்த மைலில் பழுது என்று கண்டுபிடிக்கவும் அவர் வேலை செய்தே கற்றார். கற்றதைப் பிறருக்கும் சொல்லிக்கொடுத்தார். கம்பங்கள் கிடைக்காத இடத்தில் பனை மரத்தை நட்டார். பத்மா நதியின் குறுக்கே கம்பிவடம் போடுவதற்கு நீராவிக் கப்பலின் செலவு மிகுதி என்று கண்டபோது, மீனவர்களின் படகுகளை வாடகைக்கு அமர்த்தி அந்த வேலையை முடித்தார். 1883இல் அவருக்கு ராய் பகதூர் பட்டம் அளிக்கப்பட்டது. தந்தி இலாகாவின் உயர்ந்த நாற்காலிகள் ஐரோப்பியருக்கே என்றிருந்த காலம் அது. பழுது தீர்க்கத் தெரிந்த ஓர் இந்தியரை ஒதுக்கிவிட்டு இலாகாவை நடத்த முடியாது என்பதும் அப்போதே தெளிவாகிவிட்டது. அவர் பாடுபட்டு உருவாக்கிய தந்திச் சேவை 2013 ஜூலை மாதம் நிறுத்தப்பட்டது.

ரயில்வே இதே வழியில் நடந்தது. பெரம்பூரிலும் ஜமால்பூரிலும் 1856, 1862 ஆகிய ஆண்டுகளில் தொடங்கிய பட்டறைகள் பல தலைமுறைத் தொழிலாளரைப் பயிற்றுவித்தன. அதை விரித்தால் அதுவே தனியொரு பேச்சாகிவிடும். நம் விஷயத்துக்கு வேண்டியது ஒன்றே: தந்தியிலும் ரயிலிலும் யந்திரத்தின் சொந்தக்காரரும் அதைப் பழுது பார்ப்பவரின் எஜமானரும் ஒருவரே. யந்திரம் ஓர் அந்நியக் கம்பெனியின் உடைமையாகவும், அதை உபயோகிப்பவர் வெறும் குடித்தனக்காரராகவும் இருந்தால் என்ன நேரும் என்ற கேள்வி கணிப்பொறியோடு வந்தது.

அமெரிக்க ஐ.பி.எம். கம்பெனி சுதந்திர இந்தியாவில் 1951இல் கால் வைத்தது. அடுத்த இருபது ஆண்டுகளில் இந்நாட்டில் நிறுவப்பட்ட கணிப்பொறிகளில் பத்தில் ஏழு பங்குக்கு மேல் அக்கம்பெனியினுடையவை. அவற்றுள் மிகவும் பரவியது 1959இல் அமெரிக்காவில் வெளியான 1401 என்னும் மாதிரி. மண்டல ரயில்வேத் தலைமையகங்களில் சம்பளப் பட்டியலும் சரக்குக் கணக்கும் போட்டது அதுதான். அதன் ஞாபகசக்தி முழுவதையும் திரட்டினாலும் 16,000 எழுத்துக்களே. இந்தக் கட்டுரைகூட அதற்குள் அடங்குமோ என்னவோ! ஆனால் நிமிஷத்துக்கு 800 அட்டைகளைப் படிக்கும். 600 வரிகளை அச்சிடும். ஒவ்வோர் அட்டையிலும் 80 பத்திகள், பத்திகளில் துளைகள்.

துளையிட்ட அட்டை அமெரிக்கக் குளிருக்குப் பழகியது. நம் மழைக்காலத்தில் அது ஈரத்தை உறிஞ்சிப் பருக்கும். பருத்த அட்டை யந்திரத்தின் வாயில் சிக்கிக்கொள்ளும். கோடையிலோ தூசி. ஆகவே கணிப்பொறி இருந்த அறைக்கு அதிகாரியின் அறைக்கில்லாத குளிர்சாதனம் கிடைத்தது. ரயில்வே குமாஸ்தாக்கள் இதைப் பார்த்துப் பெருமூச்செறிந்திருந்தால் ஆச்சரியமில்லை. அந்த அறைக்குள் வெள்ளைச் சட்டையும் கழுத்துப்பட்டியுமாக நுழைவார் கம்பெனியின் எஞ்சினீயர். உத்தியோகத்தின் பெயர் 'கஸ்டமர் எஞ்சினீயர்'. அச்சு யந்திரத்தின் ஓசை சற்று மாறினாலே எந்த உறுப்பு தேய்ந்தது என்று சொல்லிவிடுவது இத்தொழிலில் தேர்ந்தவர்களின் அடையாளம்.

யந்திரத்துக்கு மாத வாடகை. பராமரிப்பு அந்த வாடகைக்குள் அடக்கம். வாடகை கொடுத்தவர் மூடியைத் திறந்து பார்க்க வேண்டிய அவசியமும் இல்லை, அதற்கு உரிமையும் இல்லை. வரைபடம், மாற்று உறுப்பு, பழுது கண்டறியும் முறை ஆகிய எல்லாம் கம்பெனியின் பெட்டிக்குள். வெளிநாட்டில் உபயோகித்துக் கழித்த யந்திரங்களைப் பம்பாயில் புதுப்பித்து இங்கே வாடகைக்கு விடுகிறார்கள் என்ற குற்றச்சாட்டும் எழுந்தது. பாராளுமன்றப் பொதுக் கணக்குக் குழு 1970களில் இதை ஆராய்ந்து கண்டித்தது. நமது அபிப்பிராயத்தில் வாடகைத் தொகையைவிடப் பெரிய குறை, மூடியைத் திறக்கக்கூடாது என்பதே. பல ஆண்டுகள் கணிப்பொறியை உபயோகித்த ஓர் அலுவலகத்துக்கு அது எப்படி ஓடுகிறது என்றே தெரியாமல் இருந்தது.

இதற்கிடையே கணிப்பொறி வேண்டுமா என்ற சர்ச்சையும் நடந்தது. ஆயுள் இன்ஷூரன்ஸ் கார்ப்பரேஷன் ஊழியர்கள் 1960களில் கல்கத்தாவில் கணிப்பொறி நிறுவப்படுவதைத் தடுத்து இரவு பகலாகக் காவல் இருந்தார்கள். குமாஸ்தா வேலை போய்விடும் என்ற அச்சம் பொய்யச்சமன்று. வேலையில்லாத பட்டதாரிகள் நிறைந்த நாட்டில் அது நியாயமான அச்சமே. இப்பிரச்சினையை ஆராய சர்க்கார் நியமித்த குழுவுக்குப் புனே கோகலே நிலையத்தின் பொருளாதார நிபுணர் வி. எம். தாண்டேகர் தலைவராக இருந்தார். 1972இல் குழுவின் அறிக்கை வந்தது. எத்தனை வேலை போகும் என்று கணக்கிட்ட அந்நாளைய விவாதத்தில், யந்திரத்தைக் காப்பதற்கு எத்தனை வேலை பிறக்கும் என்ற கேள்வி உரக்கக் கேட்கவில்லை.

1973ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி ஒழுங்குச் சட்டம், அந்நியக் கம்பெனிகள் தங்கள் இந்தியக் கிளைகளில் வைத்திருக்கும் பங்கைப் பொதுவாக நூற்றுக்கு 40ஆகக் குறைக்க வேண்டும் என்றது. இரண்டு கணிப்பொறிக் கம்பெனிகள் இரண்டு வழியில் சென்றன. ஐ.சி.எல். என்னும் பிரிட்டிஷ் கம்பெனி இசைந்து, பங்கைக் குறைத்துக்கொண்டு தங்கிவிட்டது. அதன் தொழிற்சாலை இருந்த ஊர் புனே. இன்று புனேயில் பெயர் பெற்றுள்ள ஜென்சார் நிறுவனம் அந்த வழியில் வந்ததுதான். ஐ.பி.எம். இசையவில்லை. முழுப் பங்கையும் தன்னிடமே வைத்துக்கொள்ள வேறு ஏற்பாடுகளைச் சொல்லிப் பார்த்தது, சர்க்கார் ஏற்கவில்லை. 1977இல் ஜனதா சர்க்கார் காலத்தில் ஜார்ஜ் பெர்னாண்டஸ் தொழில் மந்திரியாக இருந்தபோது கம்பெனி தன் முடிவை அறிவித்தது. 1978இல் இந்தியாவை விட்டு வெளியேறியது.

கம்பெனி போய்விட்டது, யந்திரங்கள் இருந்தன. நாடெங்கும் சுமார் 800 இடங்களில் அவை நின்றன. முதல் தேதியில் லட்சக்கணக்கானவர்களுக்குச் சம்பளப் பட்டியல் அச்சாக வேண்டும். அச்சாகாவிட்டால் யாரைக் கேட்பது? 1401 மாதிரியின் விற்பனையைக் கம்பெனி 1971இலேயே நிறுத்தியிருந்தது. ஆகையால் புதிய உறுப்பு எளிதில் கிடைக்கும் என்ற நம்பிக்கையும் இல்லை.

இந்த நாளை எதிர்பார்த்தே போலும், சர்க்கார் 1975 டிசம்பரில் கம்ப்யூட்டர் மெயின்டெனன்ஸ் கார்ப்பரேஷன் என்னும் ஸ்தாபனத்தைப் பதிவு செய்திருந்தது. பெயரிலேயே பராமரிப்பைத் தாங்கிய ஸ்தாபனம்! 1978 அக்டோபர் முதல் அந்த 800 இடங்களின் பொறுப்பை அது ஏற்றது. ஐ.பி.எம்மில் பயிற்சி பெற்ற இந்திய எஞ்சினீயர்கள் பலர் அதில் சேர்ந்தனர். வேறு சிலர் கூடிச் சொந்தமாக ஒரு கம்பெனி தொடங்கினர். நேற்று வரை அமெரிக்கக் கம்பெனியின் பையைத் தூக்கியவர்கள் இன்று சொந்தப் பொறுப்பில் அதே யந்திரத்தின் முன் நின்றனர்.

கை அதே கைதான், திருப்புளியும் அதேதான். ஆனால் இரண்டு விஷயங்கள் மாறின. முன்பு தீராத பழுது வந்தால் கேள்வியை மேலே அனுப்பிவிட்டுக் காத்திருக்கலாம். இப்போது மேலே யாரும் இல்லை. வரைபடத்தை விரித்து, மின்னோட்டம் எந்த வழியே வந்து எங்கே நின்றது என்று முடிவு காணும் வரை பார்த்தாக வேண்டும். ஒரு யந்திரத்தைப் பிரித்து மற்றொன்றுக்கு உயிர் கொடுப்பதும் இத்தொழிலின் பழைய உபாயமே. இது முதல் மாறுதல்.

இரண்டாவது இன்னும் முக்கியமானது. கார்ப்பரேஷன் ஒரு கம்பெனியின் யந்திரத்தை மட்டும் கவனிக்க ஏற்பட்டதன்று; பல நாட்டுக் கம்பெனிகளின் கணிப்பொறிகளையும் கவனிக்க வேண்டியிருந்தது. ஒரு கம்பெனியின் பழுதுக் கையேட்டை மனப்பாடம் செய்தவர் அக்கம்பெனியின் ஊழியராகவே இருப்பார். நான்கு கம்பெனிகளின் யந்திரத்தைத் திறந்தவருக்கோ நான்கிலும் பொதுவாக உள்ள தத்துவம் புலப்படுகிறது. ஒரே குடும்பத்துக்கு மருந்து கொடுத்த வைத்தியருக்கும் தர்ம ஆஸ்பத்திரியில் நாள்தோறும் நூறு பேரைப் பார்த்த வைத்தியருக்கும் உள்ள வேற்றுமை இது.

இதன் பயன் விரைவில் தெரிந்தது. பழுது பார்க்கத் தோன்றிய அந்த ஸ்தாபனமே ரயில்வேயின் கணிப்பொறி முன்பதிவு முறையை உருவாக்கியது. 1985-86இல் புதுடில்லியில் அது நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பு ஒரு வண்டிக்கு ஒரு ஜன்னல், ஒரு பெரிய பதிவேடு. டில்லியிலிருந்து சென்னைக்குப் படுக்கை வாங்கக் காலை முதல் வரிசையில் நின்று, முறை வரும்போது வேறு ஜன்னலுக்குப் போகச் சொல்லக் கேட்டவர்கள் நம்முள் இன்னும் இருக்கிறார்கள். புதிய முறையில் எந்த ஜன்னலிலும் எந்த வண்டிக்கும் சீட்டு வாங்கலாம். இதை அமைக்கும் துணிவு எங்கிருந்து வந்தது? யந்திரம் எந்த நேரத்தில் எப்படிப் படுக்கும் என்று அனுபவத்தில் கண்டவருக்கே, அது படுத்தாலும் நூறு ஜன்னல்களும் நிற்காதபடி ஏற்பாடு செய்யத் தோன்றும். 1984இலேயே ஸ்தாபனம் தன் பெயரைச் சி.எம்.சி. என்று சுருக்கிக்கொண்டிருந்தது. பராமரிப்பு என்ற சொல் பெயரிலிருந்து மறைந்ததில் நமக்குச் சிறிது வருத்தமே. 2001இல் அதன் பெரும்பங்கு டாட்டா குழுமத்துக்கு விற்கப்பட்டது. 2015இல் டாட்டா கன்சல்டன்ஸி சர்வீஸஸில் அது கலந்துவிட்டது. வெளியேறிய ஐ.பி.எம். 1992இல் அதே டாட்டாக்களுடன் கூட்டுச் சேர்ந்து இந்நாட்டுக்குத் திரும்பியதும் சரித்திரத்தின் விசித்திரங்களில் ஒன்று.

1980களின் நடுவில் சிறு கணிப்பொறி வந்தது; அதனுடன் இத்தொழில் தெருவுக்கு இறங்கியது. சென்னையில் வானொலி உறுப்புகள் விற்ற ரிச்சி தெருவும், பம்பாயில் லாமிங்டன் ரோடும், புனேயில் புதவார் பேட்டையின் மின்னணுக் கடைகளும் கணிப்பொறி உறுப்புகளை விற்கத் தொடங்கின. ஐ.டி.ஐ. படித்தவரும், பட்டம் பெற்று வேலை கிடைக்காதவரும், பள்ளிப் படிப்போடு நின்றவரும் அங்கே உறுப்புகளை வாங்கி 'அசெம்பிள்' செய்தார்கள். விற்ற இடத்திலேயே வருடாந்தரப் பராமரிப்பு ஒப்பந்தமும் பெற்றார்கள். ஏ.எம்.சி. என்னும் மூன்றெழுத்து பல குடும்பங்களுக்குச் சோறு போட்டது. சம்பளம் சொற்பம், ஆனால் மூடி திறந்திருந்தது. வானொலி ரிப்பேர்க்காரர் மகன் கணிப்பொறி ரிப்பேர்க்காரராக மாறியதற்கு எந்தச் சர்க்கார் திட்டமும் தேவைப்படவில்லை.

1990களின் இறுதியில் வேறொரு கிளை முளைத்தது. கடல்கடந்த வாடிக்கைக்காரர்களின் யந்திரத்துக்குத் தொலைபேசி வழியே உதவும் வேலை அது. இரவில் விழித்துப் பகலில் உறங்கும் உத்தியோகம். லட்சக்கணக்கான பட்டதாரிகளுக்கு, நாங்கள் படித்த காலத்தில் எங்கள் போன்ற கலைப் பட்டதாரிகளுக்கு எட்டாத சம்பளத்தை அது கொடுத்தது. அதை இகழ்வது நியாயமன்று. எனினும் அங்கே முதல் நிலையில் அமர்பவருக்கு முன்னால் இருப்பது யந்திரமன்று, கேள்விகளின் பட்டியல். இதைச் செய்தீர்களா? ஆம் எனில் அடுத்த கேள்வி. இல்லையெனில் வேறு கேள்வி. பட்டியல் தீர்ந்தால் புகாரை இரண்டாம் நிலைக்குத் தள்ள வேண்டும். அங்கும் தீராவிட்டால் மூன்றாம் நிலை. தொழிலில் உயர்வது என்பது இப்படிகளில் ஏறுவதே. பட்டியலை ஒப்பிப்பதோடு நில்லாமல், ஒவ்வொரு பழுதும் ஏன் வந்தது என்று தானாகக் கேட்டுக் குறித்துவைத்தவர்கள் ஏறினார்கள். முன்னாளில் ஐ.பி.எம். மூடி, இந்நாளில் பட்டியல். இரண்டுக்கும் உறவு உண்டு என்றே நமக்குத் தோன்றுகிறது.

இனி ரஞ்சன்காவுக்குத் திரும்புவோம். ஸ்ரீபெரும்புதூரையும் ஓசூரையும் கண்ட தமிழருக்கு அத்தொழிற்பேட்டையின் தோற்றம் பழகியதாகவே இருக்கும். 2022 அக்டோபர் 31ஆம் நாள் மத்திய சர்க்கார் அங்கே மின்னணுப் பொருள் உற்பத்திக்கென 297 ஏக்கர் பரப்பில் ஒரு தொகுப்பை அறிவித்தது. திட்டச் செலவு சுமார் 493 கோடி ரூபாய். இங்கே உற்பத்தியாகும் பொருளுக்குள்ளும் ஒரு சிறு கணிப்பொறி அடங்கியிருப்பது இன்று சாதாரணம். குளிர்பதனப் பெட்டி நின்றால் காற்றழுத்தியையும் வாயுவையும் மட்டும் பார்த்த காலம் போய், உள்ளே உள்ள மின்பலகையையும் பார்க்க வேண்டியிருக்கிறது. ஐ.டி.ஐ.களில் குளிர்சாதன மெக்கானிக் படிப்பு இரண்டு ஆண்டு. கணிப்பொறி, தகவல் தொடர்புச் சாதனப் பராமரிப்புப் படிப்பும் இரண்டு ஆண்டு. இவ்விரண்டையும் ஒருங்கே அறிந்த ஒருவரைத்தான் இனிமேல் வீடுகள் அழைக்க வேண்டியிருக்கும்.

அவருக்கு மின்பலகையின் வரைபடத்தைக் கொடுப்பார்களா? பழுதான பலகையை அப்படியே கழற்றி எறிந்து புதுப் பலகையைச் செருகு என்பதே இக்காலத்தின் பொதுவான கட்டளை. அதற்குப் பத்து நிமிஷமும் ஒரு திருப்புளியும் போதும். பத்து ஆண்டு அதைச் செய்தாலும் பதினோராம் ஆண்டில் கற்றுக்கொள்ள ஒன்றும் இராது. வாடிக்கைக்காரர் முழுப் பலகையின் விலையைக் கொடுக்கிறார். ஐந்து ரூபாய் உறுப்பு கெட்டிருந்ததா என்று இருவருக்கும் தெரிவதில்லை.

இந்தக் குறையை உலகம் கவனிக்கத் தொடங்கியிருக்கிறது. அமெரிக்காவில் சில மாநிலங்களும் ஐரோப்பிய ஒன்றியமும் பழுது பார்க்கும் உரிமைக்குச் சட்டம் செய்துள்ளன. நம் நாட்டில் நுகர்வோர் நலத் துறை 2022 ஜூலையில் இதற்கென ஒரு குழுவை அமைத்தது. விவசாயக் கருவிகள், கைப்பேசி முதலிய மின்னணுச் சாதனங்கள், வீட்டு உபயோகப் பொருள்கள், மோட்டார் வாகனங்கள் ஆகிய நான்கு துறைகள் முதலில் எடுத்துக்கொள்ளப்பட்டன. அவ்வாண்டு டிசம்பர் 24ஆம் நாள், தேசிய நுகர்வோர் தினத்தன்று, கம்பெனிகள் தங்கள் கையேடுகளையும் மாற்று உறுப்பு விவரங்களையும் வெளியிடுவதற்கென இணையத்தில் ஒரு பொது மன்றம் திறக்கப்பட்டது. அதில் வரைபடத்தை வைக்கும்படி கம்பெனியைக் கட்டாயப்படுத்தும் சட்டம் வேறு விஷயம். ரஞ்சன்காவில் உருவாகும் ஒரு பெட்டியின் மின்பலகை வரைபடம், திருச்சியில் கடை வைத்திருக்கும் மெக்கானிக்கின் மேஜைக்கு எந்த வழியாக வந்து சேரும் என்பதை அந்தச் சட்டம்தான் தீர்மானிக்க வேண்டும்.